பவளத் தொட்டிக்கு ஒளியின் நிறம் தெரிதல்

கண்ணாடித் தொட்டியில் உப்பு நீர் நிரப்பி, அதனுள் பாறையும் பவள உயிர்களும் சிறு மீன்களும் வைத்து வளர்க்கும் வழக்கம் பெருநகரங்களின் இல்லங்களில் இடம் பெற்றுவிட்டது. மும்பையின் கிழக்குப் பகுதியில், தாணே கடற்கழியை அடுத்த விக்ரோலியில், ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் இத்தகைய தொட்டி ஒன்று அமைக்கப்படுவதாகக் கொள்க. நீளம் 90 செண்டிமீட்டர், ஆழம் 45 செண்டிமீட்டர். தொட்டி, உப்பு, நீரேற்றும் பம்பு ஆகியவற்றை வாங்குவதில் பெரும் ஐயம் எழுவதில்லை. விளக்கை வாங்கப் போகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. கடையில் நீலம், ஊதா, வெண்மை, பச்சை, சிவப்பு எனப் பல நிறச் சில்லுகள் பதித்த எல்.இ.டி. விளக்குகள் வரிசையாக எரிகின்றன. எந்த விளக்கின்கீழ் பவளம் மிக அழகாக மிளிர்கிறதோ அதையே வாங்குபவர் தேர்ந்தெடுக்கிறார். அவ்வழகு மனிதக் கண்ணின் அளவுகோல். பவளத்தின் அளவுகோல் அன்று. இரண்டும் வேறு என்பதை அறியாததால் சில திங்களில் உயிர் வெளுத்து மாண்டுபோவதும் உண்டு. எனவே ஒளியின் நிறத்தைத் தெரிந்தெடுக்கும் முறை காரணத்துடன் அறியத்தக்கது.

கடலில் ஒளி அடையும் மாற்றம்

கடல் ஏன் நீலமாகத் தோன்றுகிறது என்ற கேள்விக்கு வானத்தின் நீலத்தைக் கடல் எதிரொளிக்கிறது என்பதே ராலே பிரபு முதலியோர் கூறிய விடையாக நெடுங்காலம் இருந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1921-ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து 'நர்குண்டா' என்னும் கப்பலில் திரும்பியபோது, நிக்கல் பட்டகம் ஒன்றின் உதவியால் நீர்ப்பரப்பின் எதிரொளியை நீக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை; மேலும் தெளிவாயிற்று. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்னும் தமது முடிவை, அக்கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற அந்தச் செப்டம்பர்த் திங்களிலேயே எழுதி 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். பவளத் தொட்டியின் விளக்கைப் பற்றிய ஆராய்ச்சி மும்பைத் துறைமுகத்திலிருந்து தொடங்குவது பொருத்தமே.

சிதறலோடு உட்கவர்தலும் சேர்ந்து செயற்படுகிறது. நீரின் மூலக்கூறுகள் அதிரும் இயல்பினால் செந்நிற ஒளியை விரைவில் உட்கொண்டுவிடுகின்றன. தூய நீரில் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி 10 மீட்டர் ஆழத்தை அடையும்போது 100-க்கு ஏறத்தாழ 3 பங்கே எஞ்சுகிறது. 450 நானோமீட்டர் நீலமோ அதே ஆழத்தில் 100-க்கு 90 பங்குக்குமேல் நிலைத்து நிற்கிறது. ஆகவேதான் தெளிந்த பெருங்கடலில் 15, 20 மீட்டர் ஆழத்தில் வாழும் பவளம் நீல ஒளியிலேயே வாழ்நாளைக் கழிக்கிறது.

இங்கே ஒரு பிழை நேர்வது வழக்கம். தொட்டியிலும் நீர்தானே இருக்கிறது, அதுவே ஒளியை வடிகட்டி நீலமாக்கிவிடாதா என்று பலர் எண்ணுவர். 45 செண்டிமீட்டர் நீரில் 650 நானோமீட்டர் சிவப்பொளி 100-க்கு 86 பங்கு அடிவரை செல்கிறது. அதாவது வீட்டுத் தொட்டியின் நீர் நிறத்தை மாற்றுவதே இல்லை எனலாம். விளக்கு எந்நிறத்தைத் தருகிறதோ அதுவே பவளத்தின்மேல் விழும். கடல் செய்யும் வேலையை இங்கே விளக்கே செய்தாக வேண்டும்.

ஆனால் எல்லாப் பவளமும் 20 மீட்டர் ஆழத்தில் வாழ்வதன்று. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழ்ந்துள்ள பவளத்திட்டுகள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே உள்ளன. 2 மீட்டர் ஆழத்தில் தெளிந்த நீராயின் அதே சிவப்பொளியில் ஏறத்தாழப் பாதி எஞ்சியிருக்கும். கரையோர நீரில் மிதக்கும் வண்டலும் மட்கிய தாவரப் பொருள்களும் நீலத்தை விழுங்கிவிடுவதால், கலங்கிய கடலில் ஆழத்தை எட்டுவது பசுமையும் மஞ்சளும் கலந்த ஒளியாகும். எனவே 'பவளத்திற்கு நீலம்' என்று ஒரே வாக்கியத்தில் விதி வகுத்துவிடலாகாது. அவ்வினம் எந்த ஆழத்திலிருந்து, எத்தகைய நீரிலிருந்து வந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

பவளத்தினுள் வாழும் பாசி

பவளம் விலங்கு. ஒளியை உண்டு வாழும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆயினும் பாறை கட்டும் பவளங்களின் திசுக்களுக்குள் ஸூஸாந்தெல்லா எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. இவை டைனோபிளாஜெல்லேட் வகுப்பைச் சேர்ந்தவை என்பதை ஜப்பானிய அறிஞர் கவகுட்டி 1944-இல் காட்டினார். பாசி ஒளிச்சேர்க்கையால் சருக்கரை முதலிய பொருள்களைச் செய்து பெரும்பகுதியைப் பவளத்திற்கு வழங்குகிறது. பவளம் தன் கழிவாகிய கரியமில வாயுவையும் நைட்ரஜன் சேர்மங்களையும் பாசிக்கு அளிக்கிறது. விளக்கு என்பது உண்மையில் இப்பாசிக்கு இடும் உணவே.

இப்பாசியில் மூன்று நிறமிகள் முக்கியமானவை. பச்சையம்-ஏ என்பது 430 முதல் 440 நானோமீட்டர் வரையிலும், மீண்டும் 660-ஐக் கடந்த சிவப்பிலும் ஒளியைக் கவர்கிறது. பச்சையம்-சி2 ஏறத்தாழ 450 முதல் 460 வரை. பெரிடினின் என்னும் செம்மஞ்சள் நிறமி 470 முதல் 550 வரை, அதாவது நீலத்தின் கடைசியையும் பசுமையையும் பயன்படுத்திக்கொள்கிறது. தரைத் தாவரங்களுக்கு இல்லாத இந்தப் பெரிடினினே, ஆழ்கடலின் நீலப்பசுமை ஒளியைக் கொண்டு வாழும் திறனைப் பாசிக்குத் தருகிறது. தோட்டச் செடிகளுக்கென விற்கப்படும் சிவப்பு மிகுந்த விளக்கைப் பவளத் தொட்டிக்கு மாட்டுவது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும்.

பவளத்தைப் பற்றிய அறிவில் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் உரிய இடம் உண்டு. பவளத்திட்டுகளைப் பற்றிய உலக மாநாடுகளின் வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது 1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் நடைபெற்ற கருத்தரங்கமே.

ஒளிர்வு என்னும் மயக்கு

நீல விளக்கின்கீழ் பவளம் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் சுடர்விடுவது, அதன் திசுக்களிலுள்ள சில புரதங்கள் நீல ஒளியை உட்கொண்டு அதனினும் நீண்ட அலைநீளத்தில் வெளியிடுவதால் ஆகும். இது உடனொளிர்தல் எனப்படும். சுற்றிலும் நீலம் மட்டும் இருக்கையில் இச்சிறு பச்சை ஒளி கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. வெண்ணொளி சேர்ந்தால் மங்கிவிடுகிறது. ஆகவே மிளிர்வது நலத்தின் அறிகுறி அன்று. வெளுக்கத் தொடங்கிய பவளம் சில வேளைகளில் முன்னிலும் அதிகமாக மிளிர்வதுண்டு. பாசி நீங்கிவிட்டமையால் புரதத்தின் நிறம் மறைப்பின்றித் தோன்றுகிறது. கடைக்காரர் நீல விளக்கின்கீழ் காட்டும் உயிரைச் சிறிது நேரம் வெண்ணொளியில் வைத்துப் பார்ப்பது நலம். மறுப்பவரிடம் வாங்காதிருப்பது அதனினும் நலம்.

விளக்கின் அமைப்பு

எல்.இ.டி. என்பது ஒளி உமிழும் டயோடு. ஒவ்வொரு சில்லும் தான் செய்யப்பட்ட பொருளுக்கேற்ற ஒரு குறுகிய அலைநீளப் பட்டையில் மட்டுமே ஒளி தரும். பிரகாசமான நீலச் சில்லைக் கண்டதற்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் பௌதிக நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. இன்று 'வெள்ளை எல்.இ.டி.' என விற்கப்படுவதன் உள்ளேயும் இருப்பது 450 நானோமீட்டரை ஒட்டிய நீலச் சில்லே. அதன்மேல் பூசப்பட்ட மஞ்சள் நிற பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன. வெயிலின் வெண்மை அன்று இது. 480 நானோமீட்டரை ஒட்டி அதில் ஒரு பள்ளம் இருக்கிறது.

இதைப் பள்ளி மாணவருக்குக் காட்டுவது எளிது. பழைய சி.டி. தகடு ஒன்று போதும். அட்டைப் பெட்டியின் ஒரு முனையில் மெல்லிய பிளவு வெட்டி, எதிர்முனையில் தகட்டைச் சாய்த்து வைத்து, பிளவின் வழியே விளக்கொளி விழச் செய்க. தகட்டில் நிறமாலை தோன்றும். குண்டு பல்பில் சிவப்பு முதல் ஊதா வரை தொடர்ச்சியாகவும், வெள்ளை எல்.இ.டி.யில் அழுத்தமான நீலக் கோடும் பின்பு சிறு இருளும் அடுத்து அகன்ற பச்சை மஞ்சள் பட்டையும், நீல விளக்கில் ஒரே நீலப் பட்டையும் காணப்படும். விளக்குப் பெட்டியின்மேல் அச்சிட்ட விளம்பரத்தைவிட இச்சோதனை நம்பத்தக்கது. வெயிலையோ விளக்கையோ நேரே கண்ணால் நோக்கலாகாது. செறிந்த நீல ஒளி விழித்திரைக்குத் தீங்கு செய்யும்.

லக்ஸ் அளவி ஏன் ஏமாற்றும்

10,000 கெல்வின், 14,000 கெல்வின், 20,000 கெல்வின் என்று விளக்குகளுக்கு எண்கள் இடப்படுகின்றன. எண் ஏறஏற நீலம் மிகும் என்பதற்கு மேல் அதனால் அறியக்கூடியது சிறிதே. ஒரே எண்ணுடைய இரு விளக்குகளின் நிறமாலைகள் முற்றிலும் வேறுபடலாம்.

ஒளியின் அளவை அறிய லக்ஸ் அளவியைப் பயன்படுத்துவோர் மற்றொரு தவற்றில் வீழ்வர். அக்கருவி மனிதக் கண்ணைப் பின்பற்றிச் செய்யப்பட்டது. கண் 555 நானோமீட்டர்ப் பசுமைக்குக் கூர்மையானது. 450 நானோமீட்டர் நீலத்தை அதில் 100-க்கு 4 பங்கு அளவே உணர்கிறது. பாசியோ ஒளித்துகள்களை எண்ணுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு விழும் ஒளித்துகள்களை மைக்ரோமோல் என்னும் அலகால் அளப்பர். 400 முதல் 700 நானோமீட்டர் வரை அடங்கிய இவ்வொளியே ஒளிச்சேர்க்கைக்கு உதவுவது. 100 மைக்ரோமோல் வெயிலொளி ஏறத்தாழ 5,400 லக்ஸ் காட்டும். அதே 100 மைக்ரோமோல், 450 நானோமீட்டர் நீலமாயின் ஏறத்தாழ 700 லக்ஸ் மட்டுமே காட்டும். பாசிக்குக் கிடைத்தது ஒரே எண்ணிக்கை. கருவி காட்டியதோ எட்டில் ஒரு பங்கு. நீல விளக்கு மங்கலாக இருக்கிறதென்று எண்ணி அளவைக் கூட்டிக்கொண்டே போகும் வளர்ப்பாளர், அறியாமலேயே பவளத்தைச் சுட்டுவிடுகிறார். தொடக்கநிலை வளர்ப்பில் நேரும் இழப்புகளுக்கு ஒளிக் குறைவைவிட ஒளி மிகையே அடிக்கடி காரணமாகிறது.

உச்சி வெயிலில் நீர்ப்பரப்பின்மேல் ஏறத்தாழ 2,000 மைக்ரோமோல் விழுகிறது. தொட்டிகளில் தோல்பவளம், காளான் பவளம் போன்ற மெல்லுடல் வகைகளுக்கு 50 முதல் 150 வரை போதுமானது. அடர்ந்த சிறு பொலிப்புகளுள்ள கிளைப் பவளங்களுக்கே 200 முதல் 350 வரை வேண்டப்படுகிறது. இதற்குரிய அளவி விலையுயர்ந்தது. ஆனால் ஒரு முறை அளந்தால் போதும், ஆகையால் பலர் கூடி ஒன்றை வாங்கிப் பயன்படுத்தலாம்.

நிறங்களின் கலவை

மேற்கூறியவற்றிலிருந்து கலவையின் உருவம் தானே தோன்றும். அடிப்படையாக 440 முதல் 460 நானோமீட்டர் வரையுள்ள ஆழ்நீலச் சில்லுகள் இருத்தல் வேண்டும். அவற்றோடு 470 முதல் 480 வரையுள்ள இளநீலம் சேர்ந்தால் பெரிடினினுக்கும் பயன்படும், வெள்ளைச் சில்லின் பள்ளமும் நிரம்பும். 400 முதல் 420 வரையுள்ள ஊதா சிறிதளவு இருப்பதில் நன்மை உண்டு. கண்ணுக்கு அது தெரியாத காரணத்தால் அளவு மீறிவிடும் அபாயமும் உண்டு. வெண்மை, நீலத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவில் தொடங்கலாம். தொட்டி இயற்கையான தோற்றம் பெறவும் மீன்களின் நிறம் தெரியவும் அது உதவுகிறது. ஆழங்குறைந்த நீரின் இனங்களுக்கு வெண்மையை மேலும் கூட்டுவதில் தவறில்லை.

சிவப்பைப் பற்றித்தான் எச்சரிக்கை வேண்டும். ஸ்டைலோபோரா பிஸ்டிலேட்டா என்னும் கிளைப் பவளத்தை வெவ்வேறு நிற ஒளியில் வளர்த்துச் செய்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. சிவப்பொளியில் வளர்ந்த துண்டுகளின் நலம் குன்றியதாக அவ்வாய்வு காட்டியது. வெள்ளைச் சில்லின் பாஸ்பரிலேயே போதிய அளவு சிவப்பு அடங்கியிருப்பதால் தனிச் சிவப்புச் சில்லை அணைத்துவைப்பதே மேல். பச்சைச் சில்லும் அவ்வாறே. இவ்விரண்டும் பெரும்பாலும் பெட்டியின் விலையைக் கூட்டுவதற்கே பயன்படுகின்றன. நீலத்திற்கும் வெண்மைக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு உள்ள இரு வரிசை விளக்கு, பன்னிறம் காட்டும் விலையுயர்ந்த விளக்கைவிடச் சாதாரண இல்லத்திற்கு ஏற்றது.

புதிய விளக்கை முதல் நாளே முழு அளவில் எரிக்கலாகாது. எண்ணிய அளவில் பாதியினின்று தொடங்கி நான்கு முதல் ஆறு வாரங்களில் படிப்படியாக உயர்த்துக. நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும். இரவில் இருள் இன்றியமையாதது. திசு நாளுக்கு நாள் வெளிறுவது ஒளி மிகையின் அடையாளம். பழுப்பேறிக் கறுத்துவருவது ஒளிக் குறைவின் அடையாளம். கிடைக்கும் சிறு ஒளியைப் பிடிக்கப் பாசி தன் நிறமியைப் பெருக்குகிறது. மெல்லுடல் வகைகள் தண்டை நீட்டி விளக்கை நோக்கி வளர்வதும் அக்குறையையே சுட்டும். எதைக் கண்டாலும் ஒரே நாளில் பெரிய மாற்றம் செய்யாமல், ஒரு வாரம் பொறுத்து மீண்டும் பார்த்தல் வேண்டும்.

விக்ரோலியின் நிலைமைகள்

எல்.இ.டி. வெப்பம் தராது என்பது வெறும் பேச்சு. அதன் ஒளிக்கற்றையில் வெப்பக்கதிர் குறைவாயினும், உட்கொள்ளும் மின்சாரத்தில் பாதியளவு முதுகுப் புறத்தில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. பவளத் தொட்டியின் நீர் 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருப்பது நன்று. 30-ஐத் தாண்டி நீடித்தால் பாசி வெளியேறத் தொடங்கும். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் பவளங்கள் பெருமளவில் வெளுத்தது கடல்நீர் சூடேறியதாலேயே. மும்பையில் மே மாதத்திலும் மழை ஓய்ந்த அக்டோபரிலும் மூடிய அறை எளிதில் 30 பாகையைத் தாண்டும். நீர்ப்பரப்பின்மேல் வீசும் சிறு விசிறி ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை குறைக்கும். பருவமழைக் காலத்தில் காற்றே ஈரம் நிறைந்திருப்பதால் விசிறியின் பயன் குன்றிவிடும். சூடும் மிகையொளியும் சேர்ந்தால் சேதம் இருமடங்காகும். ஆகவே வெப்ப நாள்களில் விளக்கின் அளவைச் சற்றுத் தாழ்த்திவைப்பது அறிவுடைமை. மேற்கு நோக்கிய சன்னலின் மாலை வெயில் தொட்டியின்மேல் படுவதையும் தடுத்தல் வேண்டும்.

நீர்த்திவலைகள் உலர்ந்து விளக்கின் கண்ணாடியில் உப்பு படிவது மற்றொரு தொல்லை. ஈரத்துணியால் வாரம் ஒருமுறை துடைக்காவிடில் ஒளி கண்ணுக்குத் தெரியாமலே குறைந்துகொண்டு வரும். திடீரெனத் துடைத்தால் பவளத்திற்கு அதுவும் ஓர் அதிர்ச்சி. உப்பு நீரும் மின்சாரமும் ஒன்றையொன்று அடுத்திருப்பதால் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் கட்டாயம் தேவை. மின்கம்பி சுவரிலுள்ள செருகுவாயை அடையுமுன் சற்றுத் தாழ்ந்து தொங்கும்படி விட்டால், வழிந்துவரும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

அருகிலேயே கடற்கழி இருக்கிறதே, அந்நீரையே எடுத்துப் பயன்படுத்தலாமா எனில், கூடாது. விக்ரோலியின் அலையாத்திக் காடுகளை நனைக்கும் நீர் வண்டலும் நகரக் கழிவும் கலந்தது. கடல் உப்புக் கலவையை வடித்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைத்துக்கொள்வதே முறை.

சட்டமும் மும்பையின் பவளமும்

விளக்கைத் தெரிவதற்கு முன்பே தீர்க்கப்பட வேண்டியது, தொட்டியில் எதை வைப்பது என்பது. 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் பாறை கட்டும் கற்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், குழற்பவளம், தீப்பவளம், கடல்விசிறி ஆகியவையும் 2001-இல் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பே இவற்றிற்கும் உண்டு. இந்தியக் கடலிலிருந்து இவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றமாகும். செத்த பவளக் கல்லை அலங்காரத்திற்காக வாங்குவோரும் இதை அறிதல் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்ததாகக் கூறி விற்கப்படும் கற்பவளத்திற்கு முறையான இறக்குமதி அனுமதியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஐயமிருப்பின் வனத்துறையினரை வினவுவதே நேர்வழி.

மும்பைக் கடலுக்கும் சொந்தப் பவளம் உண்டு என்பது பலர் அறியாதது. கரையோரச் சாலைப் பணிக்காக வோர்லியிலும் ஹாஜி அலியிலும் பாறைகளில் இருந்த 18 பவளக் கூட்டங்கள், தேசியக் கடலியல் நிறுவனத்தின் உதவியுடன் 2020-இல் வேறிடத்திற்குப் பெயர்த்து வைக்கப்பட்டன. அவை ரைஸாஞ்சியிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் பெரும்பாலானவை பாசியை நம்பி வாழ்வதில்லை. நீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்களைப் பிடித்தே உண்கின்றன. கலங்கிய நீரில் ஒளியின்றி வாழ அவற்றிற்கு எவ்வழி என்ற கேள்விக்கு விடை அதுவே. அவற்றிற்கு எந்நிற விளக்கும் தேவையில்லை.

பவளமே இல்லாமலும் இப்பாடத்தை வகுப்பில் நடத்தலாம். 20 செண்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளைத் தட்டு ஒன்றில் கனம் கட்டி, முடிச்சிட்ட கயிற்றால் கழிநீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்க. 1865-இல் இத்தாலியப் பாதிரியார் செக்கி கையாண்ட முறை இது. மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும், வற்றத்திலும் ஏற்றத்திலும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால் கலங்கல் நீரில் ஒளி எவ்வளவு விரைவில் மடிகிறதென்று மாணவர் தாமே காண்பர். படகுத்துறை போன்ற உறுதியான இடத்தில் மட்டும், பெரியவர் துணையோடு இதைச் செய்ய வேண்டும். வற்றத்தின்போது கழியின் சேற்றில் எவரும் இறங்கலாகாது.